உழுதவருக்கு அரை சென்ட்

நகரத்தில் இருந்து படிக்கிற நண்பர்கள் என்னிடம் ரெண்டு விதமாகக் கேட்பார்கள். ஒரு தரப்பு, "அமெரிக்காவுல விவசாயிக்கு அரசாங்கம் அள்ளிக் கொடுக்குதாமே, இங்க ஏன் கொடுக்க மாட்டேங்குறாங்க?" என்று கேட்கும். இன்னொரு தரப்பு, "எங்க வரிப்பணத்துல இன்னும் எத்தனை காலத்துக்குத்தான் மானியம் வாங்குவீங்க?" என்று கேட்கும். ரெண்டு பேருக்கும் பதில் சொல்ல எனக்குத் தெரிந்த நல்ல வழி, அமெரிக்காவில் அந்தப் பணம் கொடுக்க ஆரம்பித்த கதையைச் சொல்வதுதான். ஏனென்றால் மானியம் வேணுமா வேண்டாமா என்பதற்கு முன்னாடி கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. அந்தப் பணம் யார் பேருக்கு வருது? நிலம் வெச்சிருக்கிறவருக்கா, அதில் உழுறவருக்கா?

அமெரிக்கா இந்தக் கேள்விக்கு 1933இல் ஒரு பதில் சொன்னது. அந்தப் பதிலால் லட்சக்கணக்கான குடும்பங்கள் நிலத்தை விட்டு வெளியேறின.

வாரக்குடிகளின் தேசம்

அமெரிக்க விவசாயம் என்றதும் ஆயிரம் ஏக்கர் வயலும், வீடு மாதிரி பெரிய டிராக்டரும்தான் நம் கண்ணுக்கு வரும். 1930களில் அந்த நாட்டின் தெற்குப் பகுதி அப்படி இல்லை. மிசிசிப்பி ஆற்றை ஒட்டிய வண்டல் பூமியை அவர்கள் டெல்டா என்று சொல்வார்கள், நம் தஞ்சாவூர்ப் பக்கத்தைச் சொல்வது மாதிரியே. நமக்கு அங்கே நெல், அவர்களுக்குப் பருத்தி. நிலம் பண்ணையார்களிடம். அடிமை முறை 1865இல் ஒழிந்த பிறகும் நிலம் கை மாறவில்லை. அடிமைகளாக இருந்த கறுப்பின மக்களும், நொடித்துப்போன வெள்ளைக்காரக் குடும்பங்களும் அந்த நிலத்தில் வாரத்துக்கு உழுதார்கள்.

வாரம் என்றால் நம்ம வாரமேதான். நிலம், குடியிருக்க ஒரு குடிசை, விதை, ஏர், அதை இழுக்கிற கோவேறு கழுதை எல்லாம் பண்ணையாருடையது. உழைப்பு குடும்பத்துடையது. விளைந்த பருத்தியில் ஆளுக்குப் பாதி. கேட்கும்போது நியாயமாகத் தெரியும். ஆனால் அறுவடை வரைக்கும் சாப்பிடணுமே? பண்ணைக் கடையில் கடனுக்கு மாவு, பன்றிக் கொழுப்பு, துணி வாங்க வேண்டும். வட்டி பண்ணையார் வைத்தது. கணக்கும் அவர் எழுதினது. வருஷக் கடைசியில் கணக்குப் பார்த்தால் பாதிப் பேருக்குக் கையில் ஒன்றும் மிஞ்சாது, இல்லையென்றால் கடன் பாக்கி நிற்கும். எழுதப் படிக்கத் தெரியாதவர் எதிர்த்துக் கேட்க முடியாது. தெரிந்தவர் கேட்டால் அடுத்த வருஷம் குடிசை இருக்காது.

1930 கணக்கெடுப்பில் தெற்கு மாநிலங்களில் இப்படி ஒன்றும் இல்லாமல் உழைப்பை மட்டும் வைத்து வாரம் பார்த்த குடும்பங்கள் சுமார் 7.76 லட்சம். இந்த எண்ணை ஞாபகம் வெச்சுக்கங்க.

விளைந்த பயிரை மடக்கி உழுதது

1929இல் பங்குச் சந்தை விழுந்தது, பெருமந்தம் வந்தது. பவுண்டுக்கு 16, 17 சென்ட் விற்ற பருத்தி 1932இல் 6 சென்ட் பக்கம் வந்துவிட்டது. பறிக்கிற கூலிக்குக் கூடக் கட்டாத விலை. குடோன்களில் பழைய பருத்தி மலையாகக் கிடந்தது. பண்ணையாருக்கும் வங்கியில் கடன், நிலம் ஏலத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. இதைச் சொல்லியே ஆக வேண்டும். அரசாங்கம் தலையிட்டது வெறும் ஓட்டுக்காக இல்லை. தலையிடாமல் இருந்திருந்தால் ஊர் ஊராகக் காலியாகியிருக்கும்.

ரூஸ்வெல்ட் 1933 மார்ச்சில் அதிபரானார். மே 12ஆம் தேதி வேளாண் சீரமைப்புச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். வேளாண் அமைச்சர் ஹென்றி வாலஸ், விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. சட்டத்தின் யோசனை ரொம்ப எளிமை. விளைச்சல் அதிகமானதால்தான் விலை விழுந்தது, அதனால் விளைச்சலைக் குறைப்போம். நிலத்தைத் தரிசாகப் போடுகிறவருக்கு அரசாங்கம் பணம் கொடுக்கும். அந்தப் பணத்துக்குப் பஞ்சாலை, மாவு மில் போன்றவர்கள் மேல் ஒரு வரி.

ஆனால் சட்டம் வந்தபோது பருத்தி ஏற்கனவே முளைத்து நின்றது. அதனால் அந்தக் கோடையில் ஒரு விநோதமான வேலையைச் செய்தார்கள். ஏறக்குறைய 1 கோடி ஏக்கர் பருத்தியை, நன்றாக வளர்ந்து நின்ற பயிரை, மடக்கி உழுதார்கள். ஏக்கருக்கு 7 முதல் 20 டாலர் வரை, விளைச்சலைப் பொறுத்துப் பணம். அதே வருஷம் சுமார் 60 லட்சம் பன்றிக் குட்டிகளையும் கொன்றார்கள், இறைச்சி விலையை நிறுத்துவதற்காக. ஊரில் ஜனங்கள் பசியில் கிடக்கும்போது இதைச் செய்ய வேண்டியிருக்கிறதே என்று வாலஸே சங்கடப்பட்டார்.

அந்தக் கோடையில் நடந்ததாகத் தெற்கில் இன்னமும் சொல்வார்கள். கோவேறு கழுதைகளைச் சின்னதிலிருந்தே செடியை மிதிக்காமல் பாத்தி நடுவில் நடக்கப் பழக்கியிருந்தார்கள். இப்போது செடி மேலேயே ஏறி நட என்றால் அது நடக்கவில்லையாம், முரண்டு பிடித்து நின்றதாம். மாடு வெச்சு உழுத யாருக்கும் இது ஆச்சரியமாக இருக்காது. வாயில்லா ஜீவனுக்குத் தெரிந்த ஒழுங்கு அது.

திட்டம் வேலை செய்தது. அந்த வருஷப் பருத்திக்குப் பவுண்டுக்கு 10 சென்ட் அளவுக்கு விலை ஏறியது. பண்ணையார்களின் நிலம் ஏலத்திலிருந்து தப்பியது. இதுவரைக்கும் கதை நல்ல கதைதான்.

ஒன்பது டாலரில் யாருக்கு எவ்வளவு

இனி வருவது கணக்கு. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், முழு விஷயமும் இதில்தான் இருக்கிறது.

1934, 1935 ஆகிய ரெண்டு வருஷத்துக்கு அரசாங்கம் பருத்திக்காரர்களோடு ஓர் ஒப்பந்தம் போட்டது. வழக்கமாகப் பயிரிடும் பரப்பில் சுமார் 40 சதவீதத்தை விட்டுவிட வேண்டும். விட்ட நிலத்தில் வழக்கமாக எவ்வளவு விளையுமோ, அதற்குப் பவுண்டுக்கு நாலரை சென்ட் கிடைக்கும். இதை ரெண்டாகப் பிரித்தார்கள். மூன்றரை சென்ட் நில வாடகை. ஒரு சென்ட் விலை ஈட்டுத்தொகை. வாடகை என்று பெயர் வைத்தாலே அது நிலக்காரருக்குத்தானே? முழுசும் அவருக்கே போனது. மிச்சம் இருந்த ஒரு சென்டைத்தான் வார விகிதப்படி பிரித்தார்கள். பாதி வாரம் பார்த்தவருக்கு அரை சென்ட்.

ஒரு ஏக்கரில் 200 பவுண்டு பருத்தி விளையும் என்று வைத்துக்கொள்வோம். பயிர் வைத்திருந்தால் 10 சென்ட் விலைக்கு 20 டாலர் வரும். பண்ணையாருக்கு 10, வாரக்குடிக்கு 10. அந்த ஏக்கரைத் தரிசு போட்டால் அரசாங்கம் தருவது 9 டாலர். பண்ணையாருக்கு 8, வாரக்குடிக்கு 1.

பண்ணையார் பக்கம் 10 டாலர் வருமானம் 8 ஆகிறது. விதை, உரம், முன்பணம் எதுவும் இல்லாமல் வருகிற 8. வாரக்குடிக்கு 10 டாலர் 1 ஆகிறது. அந்த ஒரு டாலரும் அவர் கைக்கு நேராக வரவில்லை. பணம் பண்ணையார் மூலமாகத்தான் வந்தது. பழைய கடனில் கழித்துக்கொண்டேன் என்று சொன்னால் முடிந்தது.

இதில் இன்னொரு கண்ணி இருந்தது. வாரக்குடியை வாரக்குடியாக வைத்திருந்தால்தான் அந்த ஒரு டாலர் தர வேண்டும். அவரையே தினக்கூலியாக மாற்றிவிட்டால் 9 டாலரும் பண்ணையாருக்கே. அதுவும் போக, 40 சதவீத நிலம் தரிசாகக் கிடக்கும்போது அத்தனை குடும்பம் எதற்கு? ஒப்பந்தத்தில் ஏழாவது பிரிவு என்று ஒன்று இருந்தது. வழக்கமான எண்ணிக்கையில் குடிகளை வைத்திருக்க வேண்டும் என்று அது சொன்னது. கூடவே 'முடிந்தவரை' என்ற ஒரு வார்த்தையையும் சேர்த்திருந்தார்கள். சட்டத்தில் 'முடிந்தவரை' என்று எழுதினால் அது யாருக்கு முடிந்தவரை என்று உங்களுக்கே தெரியும்.

தட்டிக் கேட்டவர்கள்

1934 ஜூலையில் ஆர்கன்சா மாநிலத்தில் டைரன்சா என்ற சின்ன ஊருக்குப் பக்கத்தில், ஒரு பள்ளிக்கூடக் கட்டடத்தில் 18 பேர் கூடினார்கள். 11 பேர் வெள்ளையர், 7 பேர் கறுப்பர். பக்கத்துப் பண்ணையில் குடிகளை வெளியேற்றியதுதான் உடனடிக் காரணம். அன்றைய தெற்கில் வெள்ளையரும் கறுப்பரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து சங்கம் வைப்பது என்பது கேட்கவே முடியாத விஷயம். தனித்தனிச் சங்கமா, ஒரே சங்கமா என்று பேச்சு வந்தபோது, ஒன்றாகவே இருப்பது என்று முடிவெடுத்தார்கள். பட்டினி எல்லோருக்கும் ஒன்றுதானே. தெற்குக் குத்தகை விவசாயிகள் சங்கம் அப்படிப் பிறந்தது. எச்.எல். மிட்செல் அதன் முக்கிய அமைப்பாளர்களில் ஒருவர். அடி, உதை, துப்பாக்கிச் சூடு எல்லாம் வாங்கினார்கள்.

வாஷிங்டனிலும் சிலருக்கு மனசாட்சி உறுத்தியது. வேளாண் சீரமைப்பு நிர்வாகத்தின் சட்டப் பிரிவுத் தலைவர் ஜெரோம் ஃபிராங்க். ஏழாவது பிரிவுக்கு அவருடைய பிரிவு ஒரு விளக்கம் தயாரித்தது. குடிகளின் எண்ணிக்கையை மட்டும் இல்லை, அதே குடிகளையே வைத்திருக்க வேண்டும் என்றது அந்த விளக்கம். தெற்குப் பண்ணையார்களும் அவர்களுடைய செனட்டர்களும் கொதித்தார்கள். 1935 பிப்ரவரியில் நிர்வாகத்தின் தலைவர் செஸ்டர் டேவிஸ், ஃபிராங்கையும் அவரோடு சிலரையும் வேலையை விட்டு நீக்கினார். வாலஸ் ஒத்துக்கொண்டார். அந்த விளக்கமும் போனது.

இதே நிர்வாகத்தில் நிதிப் பொறுப்பில் இருந்தவர் ஆஸ்கர் ஜான்ஸ்டன். அவரே மிசிசிப்பியில் டெல்டா அண்ட் பைன் லேண்ட் என்ற மிகப் பெரிய பருத்திப் பண்ணையின் தலைவர். அந்தப் பண்ணைக்குச் சொந்தக்காரர்கள் மான்செஸ்டரைச் சேர்ந்த இங்கிலாந்து நூற்பாலைக் கம்பெனி. பருத்தியைக் குறைக்கச் சொல்லி அமெரிக்க அரசாங்கம் கொடுத்த பணம் இங்கிலாந்து மில் முதலாளி வரைக்கும் போனது. அடுத்த வயலில் உழுதவர் வீட்டுக்குப் போகவில்லை.

1936இல் உச்ச நீதிமன்றம் பழைய சட்டத்தை ரத்து செய்தது. மண்வளப் பாதுகாப்பு என்ற பெயரில் வேறு சட்டம் வந்தது, 1938இல் இன்னொன்று. சங்கங்கள் கத்தினதால் ஒரு மாற்றம் நடந்தது. வாரக்குடியின் பங்கை அவர் பேருக்கே நேராகக் கொடுக்க ஆரம்பித்தார்கள், பங்கும் கூடியது. நல்ல மாற்றம்தான். ஆனால் விளைவு தலைகீழாகப் போனது. வாரக்குடிக்குத் தர வேண்டிய பங்கு கூடக் கூட, வாரக்குடியே இல்லாமல் செய்துவிட வேண்டும் என்ற ஆசையும் பண்ணையாருக்குக் கூடியது.

1939 ஜனவரி 10ஆம் தேதி காலையில் மிசூரி மாநிலத்தின் தென்கிழக்கு மூலையில் 60, 61ஆம் எண் நெடுஞ்சாலைகளில் போனவர்கள் ஒரு காட்சியைப் பார்த்தார்கள். சாலை ஓரம் முழுக்க அடுப்பு, கட்டில், பாய், கோழிக் கூண்டு, குழந்தைகள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஜனங்கள், பெரும்பாலும் கறுப்பினத்தவர். வாரக்குடிகளாக இருந்தவர்களைக் கூலிகளாக மாற்ற பண்ணையார்கள் வெளியேற்றியிருந்தார்கள். ஓவன் விட்ஃபீல்ட் என்ற பிரசங்கியார், இவரும் வாரத்துக்கு உழுதவர்தான், எல்லோரும் ஒளிந்து போகாமல் நாடே பார்க்கிற மாதிரி ரோட்டுக்கு வாருங்கள் என்று சொல்லி ஒருங்கிணைத்திருந்தார். உறைபனிக் காலம். சில நாட்களில் சுகாதாரக் கேடு என்று சொல்லி அதிகாரிகள் அவர்களை அப்புறப்படுத்தினார்கள். யார் சுகாதாரம் என்று கேட்கக்கூடாது.

1940 கணக்கெடுப்பு வந்தது. 7.76 லட்சமாக இருந்த வாரக்குடிக் குடும்பங்கள் 5.41 லட்சமாகியிருந்தன. பண்ணையார்கள் அரசாங்கப் பணத்தில் டிராக்டர் வாங்கினார்கள். 1944 அக்டோபரில் மிசிசிப்பியின் கிளார்க்ஸ்டேல் பக்கம் ஒரு பண்ணையில், இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் கம்பெனியின் பருத்தி பறிக்கும் இயந்திரம் ஊர் முன்னால் ஓடிக் காட்டியது. அதற்குப் பிறகு பறிக்கிற கைகளும் தேவையில்லாமல் போக ஆரம்பித்தன. இயந்திரம் என்றைக்கானாலும் வந்திருக்கும். ஆனால் அதை வாங்கக் காசு கொடுத்ததும், பழைய குடிகளுக்கு மாற்று வழி எதுவும் செய்யாமல் விட்டதும் அரசாங்கத் திட்டம்.

ஒரு கவுண்டி, ரெண்டு பேர்

கவுண்டி என்பது நம்ம வட்டத்துக்கும் மாவட்டத்துக்கும் நடுவில் ஒரு நிர்வாக அளவு. மிசிசிப்பி டெல்டாவில் சன்ஃபிளவர் என்று ஒரு கவுண்டி. பெயர்தான் சூரியகாந்தி, விளைவது பருத்தி. இந்த ஒரு கவுண்டியில் இருந்த ரெண்டு பேரைப் பார்த்தால், இருபது முப்பது வருஷத்தில் அந்தப் பணம் என்ன செய்தது என்று புரிந்துவிடும்.

ஒருவர் ஜேம்ஸ் ஈஸ்ட்லண்ட். டாட்ஸ்வில் ஊரில் ஏறக்குறைய 5,800 ஏக்கர் பண்ணைக்குச் சொந்தக்காரர். 1943 முதல் 1978 வரை தொடர்ந்து அமெரிக்க செனட்டர். செனட்டின் விவசாயக் குழுவில் உறுப்பினர், நீதித்துறைக் குழுவுக்குத் தலைவர். கறுப்பின மக்களுக்கு ஓட்டுரிமையும் சம உரிமையும் தரும் மசோதாக்களுக்குக் கடைசி வரை முட்டுக்கட்டை. 1960களின் பின்பாதியில் அவர் குடும்பப் பண்ணைக்கு ஒரு வருஷத்துக்கு லட்சம் டாலருக்கு மேல் பருத்தி மானியம் வந்தது. சட்டம் போடும் இடத்திலும் அவர், பணம் வாங்கும் இடத்திலும் அவர்.

இன்னொருவர் ஃபேனி லூ ஹேமர். 20 பிள்ளைகளில் கடைசிப் பிள்ளை. 6 வயதில் பருத்தி பறிக்கப் போனவர். ரூல்வில் ஊர்ப் பக்கத்தில் ஒரு பண்ணையில் 18 வருஷம் இருந்தார். கணக்கு எழுதத் தெரியும் என்பதால் ஆட்களின் நேரத்தையும் எடையையும் குறிக்கிற வேலையும் பார்த்தார். 1962 ஆகஸ்ட் 31 அன்று, கவுண்டித் தலைநகரான இண்டியானோலாவுக்குப் போய் ஓட்டுப் பதிவுக்கு மனு கொடுத்தார். திரும்பி வந்ததும், ஒன்று மனுவை வாபஸ் வாங்கு, இல்லை பண்ணையை விட்டுப் போ என்றார் பண்ணையார். அவர் வெளியேறினார். 1964இல் அட்லாண்டிக் சிட்டியில் ஜனநாயகக் கட்சி மாநாட்டில் அவர் சொன்ன சாட்சியத்தை நாடே டிவியில் பார்த்தது.

ஓட்டு கிடைத்தது. சோறு கிடைக்கவில்லை. 1965ஆம் வருஷச் சட்டம் பருத்திப் பரப்பை இன்னும் குறைத்தது. 1967இல் விவசாயக் கூலிக்குக் குறைந்தபட்சம் மணிக்கு ஒரு டாலர் என்று சட்டம் வந்தது. கேட்க நல்ல செய்தி. ஆனால் பண்ணைகளில் ஏற்கனவே இயந்திரம் இருந்தது, களைக்கொல்லி இருந்தது. ஆளை நிறுத்திவிட்டார்கள். அதே வருஷம் ராபர்ட் கென்னடி டெல்டாவுக்கு வந்து, பட்டினியால் வயிறு உப்பிய குழந்தைகளைப் பார்த்தார். உலகத்துக்கே கோதுமை அனுப்பின நாட்டில், தரிசு போடுவதற்குப் பணம் கொடுத்த அதே நிலத்துக்குப் பக்கத்தில் அந்தக் குழந்தைகள் இருந்தார்கள்.

ஹேமர் 1969இல் சுதந்திரப் பண்ணைக் கூட்டுறவு என்று ஒன்றை ஆரம்பித்தார். முதலில் 40 ஏக்கர், நன்கொடை வரவர 600 ஏக்கருக்கு மேல். காய்கறி, சோயா, கொஞ்சம் பருத்தி. அதோடு பன்றி வங்கி. குடும்பத்துக்குச் சினைப் பன்றி கொடுப்பார்கள். அந்த வங்கிக்குத் திருப்பிச் செலுத்துவது பணம் இல்லை, பன்றி. நம்ம ஊரில் ஆட்டை வாரத்துக்கு வளர்க்க விடுவது தெரியும் இல்லையா, அந்த மாதிரி ஒரு யோசனைதான், லாபம் மட்டும் ஏழைக்கு. கூட்டுறவு கடனிலும் வெள்ளத்திலும் வறட்சியிலும் தள்ளாடி 1970களின் நடுவில் நின்றுபோனது. ஹேமர் 1977இல் இறந்தார்.

ஒரே கவுண்டி, ஒரே மண். ஒரு பண்ணைக்கு வருஷா வருஷம் லட்சம் டாலர் தானாக வந்தது. இன்னொரு பண்ணை நன்கொடைக்காக ஊர் ஊராகக் கையேந்தியது. முதல் பண்ணை நின்றது, ரெண்டாவது போனது. இதை வைத்து, யாருக்கு விவசாயம் பண்ணத் தெரிந்தது என்று முடிவு கட்டுவது நியாயமா?

வரம்பும் வேலியும்

1970இல் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு ஆளுக்கு, ஒரு பயிருக்கு 55,000 டாலருக்கு மேல் கிடையாது என்று உச்சவரம்பு போட்டது. 1973இல் அதை 20,000 டாலராக்கியது. நம் நில உச்சவரம்புச் சட்டத்துக்கு என்ன ஆனதோ அதுதான் அங்கும் ஆனது. பெரிய பண்ணைகள் காகிதத்தில் பல பண்ணைகளாகப் பிரிந்தன. மகன் பேர், மருமகள் பேர், கூட்டாளி பேர். வயல் ஒன்றுதான், பெயர்கள் பத்து.

பணம் பங்கிடுவதிலும், கடன் கொடுப்பதிலும் கவுண்டி அளவில் விவசாயிகளே தேர்ந்தெடுக்கும் கமிட்டிக்குப் பெரிய பங்கு இருந்தது. உள்ளூர் ஜனநாயகம் என்று சொல்லலாம். ஆனால் தெற்கில் அந்தக் கமிட்டிகளில் கறுப்பின விவசாயிகள் அபூர்வம். 1920இல் அமெரிக்காவில் சுமார் 9.25 லட்சம் கறுப்பின விவசாயிகள். 1990களில் 20,000க்கும் கீழே. மிச்சம் இருந்தவர்கள் 1997இல் வேளாண் துறை மேல் பாரபட்ச வழக்குப் போட்டார்கள். பிக்ஃபோர்டு வழக்கு என்று பெயர். 1999இல் அரசாங்கம் சமரசத்துக்கு வந்தது. சுமார் 100 கோடி டாலர் கொடுத்தது. விடுபட்டவர்களுக்காக 2010இல் இன்னொரு 125 கோடி டாலர் சமரசம். பலருக்கு நிலம் போய், ஆளும் போய்ச் சேர்ந்த பிறகு.

1996இல் கதை இன்னொரு திருப்பம் எடுத்தது. என்ன பயிர் வைக்கிறாய், வைக்கிறாயா இல்லையா என்றெல்லாம் கேட்க மாட்டோம், முன்பு அந்த நிலத்தில் என்ன விளைந்ததோ அதை வைத்துப் பணம் தருகிறோம் என்றார்கள். 2006இல் வாஷிங்டன் போஸ்ட் பத்திரிகை கணக்குப் பார்த்தது. 2000இலிருந்து 130 கோடி டாலர், விவசாயமே பண்ணாதவர்களுக்குப் போயிருந்தது. டெக்சாஸில் ஒரு காலத்தில் நெல் விளைந்த இடத்தில் வீட்டு மனை வாங்கினவர்களுக்குக்கூட நெல் மானியம் வந்தது. அந்த நேரடித் தொகையை 2014இல்தான் நிறுத்தினார்கள்.

குத்தகைக்கு எடுத்து உழுகிறவருக்குச் சட்டப்படி அந்தப் பணம் கிடைக்கிற இடத்திலும் ஒரு வேலை நடக்கும். மானியம் வருகிறது என்று தெரிந்ததும் குத்தகைத் தொகை ஏறும். ஒரு கையில் வாங்கி மறு கையில் நிலக்காரரிடம் கொடுக்க வேண்டும். இது அமெரிக்கா, இந்தியா என்று இல்லை. நிலத்தோடு கட்டின பணம் கடைசியில் நிலத்துக்காரரிடம்தான் போய்ச் சேரும், தண்ணீர் பள்ளத்துக்குப் போவது மாதிரி.

நம்ம பட்டாவில் யார் பேர்?

2019இல் நம் நாட்டில் பி.எம். கிசான் திட்டம் வந்தது. வருஷத்துக்கு 6,000 ரூபாய், மூன்று தவணை, நேராக வங்கிக் கணக்குக்கு. இடையில் பண்ணையார் இல்லை, தரகர் இல்லை. 1933ஐ விட இது எவ்வளவோ மேல். ஆனால் தகுதி என்ன? நில ஆவணத்தில் பேர் இருக்க வேண்டும். குத்தகைக்கும் வாரத்துக்கும் உழுகிறவருக்கு அதில் இடம் இல்லை.

நம் தமிழ்நாட்டில் 1955லேயே சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. குத்தகை உரிமையைப் பதிவு செய்ய 1969இல் தனிச் சட்டமும் வந்தது. நல்ல சட்டங்கள். ஆனால் காகிதத்தில் எழுதினால் நிலம் கையை விட்டுப் போய்விடுமோ என்ற பயத்தில் யாரும் எழுதித் தருவதில்லை. எல்லாம் வாய்ப்பேச்சு. அடங்கலில் நிலக்காரர் பேரே ஓடுகிறது. அதனால் பயிர்க்கடன், வெள்ள நிவாரணம், காப்பீடு என்று எதற்குப் போனாலும் உழுகிறவர் தான்தான் உழுகிறேன் என்று நிரூபிக்க அலைய வேண்டியிருக்கிறது.

மாற்று முயற்சி நடக்காமல் இல்லை. ஒடிசாவின் காலியா திட்டம் வாரத்துக்கு உழுபவர்களையும் நிலமற்றவர்களையும் சேர்த்துக்கொண்டது. ஆந்திராவில் 2019இல் சாகுபடியாளர்களுக்கு 11 மாத அட்டை கொடுக்கச் சட்டம் போட்டார்கள். நில உரிமைக்குப் பாதிப்பு இல்லை, பயிருக்கு மட்டும் உரிமை. ஆனால் அந்தச் சட்டத்தில் அதற்கும் நிலக்காரர் கையெழுத்து வேண்டியிருந்தது. மறுபடியும் அந்த 'முடிந்தவரை'.

இதை நான் அரசாங்கத்துக்கு எழுதவில்லை, உங்களுக்குத்தான் எழுதுகிறேன். இதைப் படிக்கிற உங்களில் பல பேருக்கு ஊரில் அப்பா பேரிலோ தாத்தா பேரிலோ ரெண்டு ஏக்கரோ நாலு ஏக்கரோ இருக்கும். யாரோ ஒருவர் வாரத்துக்கோ குத்தகைக்கோ பார்த்துக்கொண்டிருப்பார். நாலு மாதத்துக்கு ஒரு தடவை 2,000 ரூபாய் வந்ததாக வீட்டில் யாருடைய போனுக்காவது மெசேஜ் வரும். வெள்ள நிவாரணம் வந்தாலும் அதே கணக்குக்குத்தான் வரும். அந்த வெள்ளத்தில் நடவு போனது யாருக்கு? விதையும் கூலியும் போட்டது யார்?

அமெரிக்கத் தெற்கில் 1933இல் பண்ணையார்கள் எல்லோரும் கெட்டவர்கள் இல்லை. பெரும்பாலானவர்கள் தங்கள் பேருக்கு வந்த பணத்தை வாங்கி வங்கியில் போட்டார்கள், அவ்வளவுதான். சட்டம் அவர்களைத் தப்பு செய்யச் சொல்லவில்லை, சும்மா இருந்தாலே போதும் என்று சொன்னது. அந்தச் சும்மா இருத்தலில்தான் ரெண்டேகால் லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் பத்து வருஷத்துக்குள் வாரக்குடிக் கணக்கிலிருந்து காணாமல் போயின.

அடுத்த முறை ஊருக்கு வரும்போது சிட்டா அடங்கலை ஒரு தடவை எடுத்துப் பாருங்கள். உங்கள் வயலில் உழுகிறவரிடம், நிவாரணம் வந்துச்சே, உங்களுக்கு ஏதாவது கிடைச்சுதா என்று கேளுங்கள். "அதெல்லாம் வேணாம் தம்பி" என்றுதான் முதலில் சொல்வார். ரெண்டாவது தடவையும் கேளுங்கள்.